வடக்குப் பக்கக் கூரை

டோக்கியோ
8 ஜனவரி 1963

அன்புள்ள கியோனோவுக்கு,

நலம். புத்தாண்டுக்கு வரவில்லை என்று கோபமாக இருப்பாய். நீ அனுப்பிய முள்ளங்கி ஊறுகாயை அறையில் இருக்கும் எட்டுப் பேரும் ஒரே நாளில் காலி செய்துவிட்டோம். பக்கத்து வீட்டுத் தோமியின் புருஷன் கெங்கிச்சிதான் அதிகம் தின்றான் என்று அவளிடம் சொல்.

இங்கே பனி இல்லை, ஆனால் காற்று எலும்பைத் துளைக்கிறது. கட்டட வேலைக்காரர்களான எங்கள் கொட்டகைக்கு எதிரே சாப்பாட்டுக்கடை நடத்தும் மிட்சுயோ என்ற விதவையின் கூரையில் அந்தக் காற்று பத்துப் பன்னிரண்டு ஓடுகளைக் கொண்டுபோய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பார்த்தேன். ஓட்டு வேலை எனக்குப் புதிது என்றாலும் கூரை கூரைதானே. பாதி முடித்தேன். மீதியை இன்னொரு நாள் பார்க்க வேண்டும். அந்த அம்மாள் பயறுக் கஞ்சி கொடுத்தாள். நான் நடுங்குவதைப் பார்த்து, இறந்துபோன கணவனின் பஞ்சுவைத்த மேல்சட்டையையும் கொடுத்தாள். இப்போது குளிர் தெரியவில்லை.

நோபு ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாளா? அங்கே பனி எப்படி?

உன்
எய்சாகு


மலையடி ஊர்
16 ஜனவரி

நோபுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் குளிரில்லாமல் இருப்பது அறிந்து மகிழ்ச்சி. நான் போன இலையுதிர்காலம் முழுக்க உட்கார்ந்து தைத்துக் கொடுத்த சட்டை என்ன ஆயிற்று என்று எழுதவில்லையே. அந்த அம்மாள் கணவரின் சட்டை அளவு சரியாக இருந்ததா?

பனி வாசலை மூடிவிட்டது. மாடி ஜன்னல் வழியாகத்தான் வெளியே போய் வருகிறோம். பள்ளிக்கூடம் மூடி ஐந்து நாளாகிறது. வடக்குப் பக்கக் கூரையில் வேய்ந்த புல் அழுகியிருக்கிறது என்று அறுவடை சமயத்திலேயே சொன்னேன், வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள். இப்போது அடுப்புச் சூட்டில் மேலே பனி உருகி நோபுவின் படுக்கையில் ஒழுகுகிறது. வீட்டில் இருக்கும் கிண்ணமெல்லாம் தரையில்தான். நோபு, "அம்மா, இதுல சத்தம் வேற மாதிரி வருதும்மா" என்று ஒவ்வொன்றாகத் தட்டி விளையாடுகிறாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இரண்டு நாள், இரண்டே நாள் வந்து போக முடியுமா? கங்காணியிடம் கேட்டுப் பாருங்கள்.

அந்த மிட்சுயோ அம்மாளுக்கு என்ன வயது?

கியோனோ


டோக்கியோ
23 ஜனவரி

அன்புள்ள கியோனோவுக்கு,

கங்காணியிடம் கேட்டேன். முடியாது என்று சொல்லிவிட்டார். கட்டடத்தை மார்ச்சுக்குள் எழுப்பியாக வேண்டுமாம். பரணில் காய்ந்த புல் கட்டுகள் இருக்கின்றன. யாராவது ஆண்பிள்ளையைப் பிடித்துச் செருகச் சொல்.

வயதெல்லாம் நான் கேட்கவில்லை. உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். உன்னைப் பற்றி விசாரித்தாள். "உங்க வீட்ல கொடுத்து வச்சவங்க, கூரை ஒழுகுற கவலையே இருக்காது" என்றாள்.

எய்சாகு


மலையடி ஊர்
31 ஜனவரி

எய்சாகு அவர்களுக்கு,

ஊரில் ஆண்பிள்ளை யார் இருக்கிறார்கள்? எழுபது வயதுக் கோவில் பூசாரியும், தொட்டிலில் கிடப்பவையும்தான். மற்ற எல்லோரும் உங்களோடு இருக்கிறார்கள். இது உங்களுக்குத் தெரியாதா?

நேற்றுத் தோமி வந்தாள். கெங்கிச்சி எழுதிய கடிதத்தை வாசித்துக் காட்டினாள். பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடி, படி."

"வேணாம்க்கா."

"படின்னா படி."

"எய்சாகு அண்ணன் காய்ச்சல்னு சொல்லிட்டு ரெண்டு நாள் வேலைக்கே வரலையாம். எதிர்க்கடைக் கூரைமேலயே இருந்தாராம். ஆம்பளைங்கள்லாம் கேலி பண்றாங்களாம். விடுக்கா, இவரு எதையாவது எழுதுவாரு."

அவள் முன்னால் சிரித்தேன். "நல்ல மனசு அவருக்கு, யார் கேட்டாலும் செய்வாரு" என்று சொன்னேன். அவள் போனதும் கிண்ணங்களில் இருந்த தண்ணீரை எல்லாம் ஜன்னல் வழியாகக் கொட்டினேன். ஒரு கிண்ணத்தையும் சேர்த்து எறிந்துவிட்டேன்.

நான் கேட்டதும் இரண்டு நாள்தான். அவளுக்குக் கிடைத்ததும் இரண்டு நாள்தான். என் கூரை ஒழுகும் கவலையே எனக்கு இல்லை என்று அவள் சொன்னதை எனக்கு எழுதி அனுப்ப உங்களுக்கு எப்படி மனம் வந்தது? நான் இங்கே ஈரப் படுக்கையில் பிள்ளையை அணைத்துக்கொண்டு, அவள் கஞ்சியில் சர்க்கரை எவ்வளவு போட்டிருப்பாள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்த நிலைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டீர்கள்.

கியோனோ


டோக்கியோ
8 பிப்ரவரி

கியோனோ,

நீ நினைக்கிற மாதிரி எதுவும் நடக்கவில்லை. நோபுமேல் சத்தியம்.

ஆனால் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். கங்காணியிடம் நான் லீவு கேட்கவே இல்லை.

விடிகாலையில் ஓட்டுக்கு அடியில் வைக்கும் மண் உறைந்துவிடுகிறது, வெயில் ஏறிய பிறகுதான் வேலை செய்ய முடியும். ஆனாலும் ஒரே நாளில் முடித்திருக்கலாம். இரண்டாவது நாளையும் எடுத்துக்கொண்டேன். இங்கே எங்களை "டேய் பனிக்காட்டான், மணல் எங்கடா?" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த அம்மாள் ஏணியடியில் நின்று, "சாப்பாடு ஆறுது மேஸ்திரி, இறங்கி வாங்க" என்றாள். மூன்று மாதத்தில் என்னை ஒரு மனிதன் என்று யாரோ நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான். அந்த இரண்டு நாளும் சந்தோஷமாக இருந்தேன். உன் நினைவு வரவில்லை. கூரையின் நினைவும் வரவில்லை.

மறைத்தால் இன்னும் கேவலமாகிவிடும் என்று எழுதுகிறேன். அவள் கொடுத்த சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீ வா என்று எழுதினால் வருகிறேன்.

எய்சாகு


மலையடி ஊர்
16 பிப்ரவரி

நோபுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அவளோடு படுத்தேன் என்று எழுதியிருந்தால் அடுப்பில் போட்டிருப்பேன். சந்தோஷமாக இருந்தேன் என்பதை என்ன செய்வது?

கூரை முடிந்துவிட்டது. தோமியும் நானும்தான் செய்தோம். இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை நடுத்தூணில் கட்டிவிட்டு ஏறினேன். என் உயரத்துக்குப் பனி. வெட்டித் தள்ளவே ஒரு நாள் ஆயிற்று. மறுநாள் அழுகிய புல்லைப் பிடுங்கினேன். சாணி மாதிரி கையோடு வந்தது. தோமி பரணிலிருந்து கட்டுக் கட்டாக எடுத்துக் கொடுக்க, மரக்கோலால் அடித்து உள்ளே செருகினேன். விரல்கள் வெடித்துவிட்டன, எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். ஒரு முறை சறுக்கிப் பாதி தூரம் வந்துவிட்டேன். கயிறு பிடித்துக்கொண்டது. தோமி அலறினாள். கீழே இருந்து நோபு, "அம்மா, இன்னொரு தடவை!" என்று கைதட்டினாள்.

நேற்று இரவு பனி கொட்டியது. ஒரு சொட்டும் இறங்கவில்லை.

மேலே நின்றபோது எனக்கு அந்தப் பெண்மேல் இன்னும் அதிகமாகத்தான் பொறாமை வந்தது. நமக்குக் கல்யாணமாகி எட்டுக் குளிர்காலம், எட்டிலும் நீங்கள் டோக்கியோவில். ஒன்றில்கூட நான் ஏணியடியில் நின்று உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. எனக்குக் கிடைக்காததை அவள் இரண்டு நாளில் வாங்கிக்கொண்டாள்.

வா என்று நான் எழுத மாட்டேன். கூரைக்கு நீங்கள் தேவையில்லை.

கியோனோ


டோக்கியோ
22 பிப்ரவரி

கியோனோவுக்கு,

இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வருமோ பின்னால் வருமோ தெரியாது. நாளை வண்டி ஏறுகிறேன். மலைக்கு அந்தப் பக்கம் ரயில் பாதை பனியில் மூடியிருக்கிறதாம், அங்கிருந்து நடந்துவிடுவேன்.

இன்று கங்காணியிடம் போய்க் கேட்டேன், இந்த முறை நிஜமாகவே. கத்தினார்.

"போனா திரும்ப வேலை கிடையாது, தெரியுதா? என்ன, வீட்டுக் கூரை விழுந்துடுச்சா?"

"இல்லீங்க. கூரை நல்லா இருக்கு."

"பொண்டாட்டி வரச் சொல்லி எழுதுனாளா?"

"எழுதலீங்க. அதான் போறேன்."

எய்சாகு