டாக்டரம்மா நெருப்பு கக்கிய கதை

ஜூலை 3, வியாழன்

அச்சகத்தில் பசை மெஷின் இன்றும் மக்கர். இத்தனை வருஷமாகப் புத்தகங்களுக்கு அட்டை ஒட்டுகிறேன், ஒன்றையாவது முழுசாகப் படித்ததில்லை. "மிட்டாய்க்கடைக்காரன் மிட்டாய் தின்ன மாட்டான்" என்று இவளிடம் பெருமையடித்தேன். "அவனுக்கு எது மிட்டாய், எது எலிமருந்துன்னாவது தெரியும்" என்றாள். என் மனைவிக்கு வாய் தனி மெஷின். அது மக்கர் பண்ணாது.

பெரிய செய்தி: மகள் பள்ளி லைப்ரரியிலிருந்து வாழ்க்கை வரலாறு எடுத்து வந்திருக்கிறாள். படகில் போய் வைத்தியம் பார்த்த ஒரு டாக்டரம்மாவின் கதை. நான் அட்டை ஒட்டிய புத்தகம்தான். டிராகன் கதை தவிர வேறெதையும் தொடாதவள், சாப்பிடக்கூட வராமல் படிக்கிறாள். ஆறாம் வகுப்பிலேயே புத்தி வந்துவிட்டது. என்னைக் கொண்டு பிறக்கவில்லை.

ஜூலை 5, சனி

 

காலையில் சும்மா கேட்டேன், "டாக்டரம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லாருக்காங்கப்பா. இப்பதான் பாலத்தை எரிச்சாங்க."

"எதுக்கு?"

"பசி."

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அட்டையில் வெள்ளைக் கோட்டுடன் டாக்டரம்மா சிரிக்கிறார். உள்ளே செதில் சிலிர்த்து, மூக்கில் புகை விட்டுக்கொண்டு ஒரு டிராகன் கோட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது. அட்டையைப் பார்த்தேன். உள்ளே பார்த்தேன். திரும்ப அட்டை. டாக்டரம்மா சிரிப்பதை நிறுத்தவில்லை.

"ஒரு புத்தகம்தான் இப்படியா?"

"லைப்ரரிக்கு வந்த எல்லாமே இப்படித்தான். பசங்க வரிசைல நிக்கறாங்க."

"டீச்சருங்க?"

"அவங்க அட்டைதானப்பா பாப்பாங்க."

கதைச் சுருக்கம் எழுதச் சொன்னார்களாம். மகள் எழுதியது: 'அவர் யாரும் எட்டாத உயரத்தில் பறந்தார். தீயவர்களுக்கு நெருப்பாக இருந்தார்.' டீச்சர் 'மிக நன்று' போட்டிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 

ஜூலை 6, ஞாயிறு

எப்படி நடந்தது? யோசித்து யோசித்து, குளிக்கும்போது பிடிபட்டது. தலையில் சோப்போடு அப்படியே நின்றுவிட்டேன்.

அட்டை ஒட்டிய அன்றைக்கு இரண்டு புத்தகம் ஒன்றாக வந்தன. ஒரே அளவு, ஒரே பருமன். டாக்டர் கதை பள்ளிக்கூடங்களுக்கு, டிராகன் கதை கடைகளுக்கு. உள்பக்கக் கட்டுகளில் முதல் தாள் வெறும் வெள்ளை. அதனால் தாள் மடிக்கும் பகுதி அக்கா சாக்பீஸால் அடையாளம் போட்டுத் தந்தார்: டாக்டருக்கு 'டா', டிராகனுக்கு 'டி'. காலையில் அக்கா சொன்னபோது சரியாகத்தான் மண்டையில் ஏறியது. சாப்பிட்டு வந்து ஒட்ட ஆரம்பித்தபோது என் மூளை தன் போக்கில் வேலை செய்திருக்கிறது: டாக்டர் பொம்பளை, அதனால் 'டி'. டிராகன் ஆம்பளை, அதனால் 'டா'.

அப்படியென்றால் கடைக்குப் போன டிராகன் அட்டைக்குள் — ஐயோ.

இவளிடம் சொன்னேன். அடுப்பை அணைத்தாள். பிறகு, "ஒரு டாக்டரம்மாவ 'டீ'ன்னு கூப்ட்ட ஒரே ஆளு நீங்கதான்" என்றாள்.

ஜூலை 7, திங்கள்

அதிர்ச்சிக்கு மேல் அதிர்ச்சி. முதலாளி வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"யோவ், நம்ம டாக்டரம்மா ஸ்கூல்ல பிச்சுக்கிட்டு போறாங்களாம். வாழ்க்கை வரலாறுக்குப் புள்ளைங்க அடிச்சிக்குதுங்கன்னு பதிப்பகத்தம்மா போன்ல அழாத குறை. இன்னொரு தடவை போடச் சொல்லிட்டாங்க. போன தடவை மாதிரியே இருக்கணுமாம்."

போன தடவை மாதிரியே.

"ஏன்யா முழிக்கற?"

"சந்தோஷம் முதலாளி."

ஜூலை 8, செவ்வாய்

சொல்லவில்லை.

"சொன்னா புத்தகத்தத் திரும்ப வாங்கிடுவாங்கப்பா" என்கிறாள் மகள். "சொன்னா வேலையத் திரும்ப வாங்கிடுவாங்க" என்கிறாள் இவள். இரண்டும் சரி. தப்பு செய்தவன்தான் நடுவில் பசை மாதிரி.

சரியாக ஒட்டினால் பிள்ளைகள் திறந்து பார்த்து முகம் சுளிக்கும், குட்டு உடையும். தப்பாகவே ஒட்டினால்? போன தடவை செய்தது மடத்தனம். இந்தத் தடவை செய்தால் அதற்கு வேறு பெயர்.

ஜூலை 9, புதன்

சொல்லிவிட்டேன்.

மெஷின் சூடேறிக்கொண்டிருந்தது. மகளின் புத்தகத்தை முதலாளி மேசையில் வைத்து, "தொறந்து பாருங்க" என்றேன். திறந்தார். புரட்டினார். நாற்காலியில் சாய்ந்து நாலைந்து பக்கம் படித்தே விட்டார். திட்டு எங்கே என்று நான் காத்துக்கொண்டு நிற்கிறேன், அவர் பாலம் எரிவதைப் படிக்கிறார்.

பிறகு மெதுவாகக் கேட்டார். "அடையாளம் போட்டது யாரு?" கண் மடிப்பு அக்கா பக்கம் போனது. அக்கா கையிலிருந்த தாள் அப்படியே நின்றது.

"அவங்க சரியாத்தான் போட்டாங்க. நான்தான் மாத்திப் படிச்சேன்." டா, டி விவகாரத்தை விளக்கினேன். விளக்க விளக்க அது இன்னும் கேவலமாகிக்கொண்டே போனது.

"ஒத்தை எழுத்துய்யா. அதுக்கும் ஆம்பளை பொம்பளை பாத்தியா நீ?"

கத்தியிருந்தால் தேவலை. "மெஷின நிறுத்திட்டு வீட்டுக்குப் போ" என்றார், அவ்வளவுதான்.

வாசல்வரை அக்கா கூடவே வந்தார்.  என் சட்டையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டார்.

ஜூலை 11, வெள்ளி

வீட்டில் இருக்கிறேன். வேலை போயிற்றா, இருக்கிறதா? கேட்கவும் பயம். குழாய், கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் பழுது பார்த்தேன். தாழ்ப்பாள் இப்போது சுத்தமாக மூடவில்லை.

ஜூலை 14, திங்கள்

கூப்பிட்டார்கள். பதிப்பகத்தம்மா வந்திருந்தார், முகம் பேயறைந்த மாதிரி. "நானே தொறந்து பாக்கலியே" என்று திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார். பள்ளிகளுக்குச் சரியான புத்தகம் போகும். பழையதைத் திருப்பிக் கேட்டார்களாம். எந்தப் பள்ளியிலும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, எல்லாம் 'காணாமல்' போய்விட்டன. என் மகளின் பள்ளியிலும்தான். மகளிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

வேலை இருக்கிறது. ஆனால் பசை மெஷின் பக்கம் போகக் கூடாது. இனிமேல் பார்சல் மேசை.

"கயிறு கட்டு" என்றார் முதலாளி. "கயித்துல டாவும் இல்ல, டியும் இல்ல."

ஜூலை 20, ஞாயிறு

கடையிலிருந்து திரும்பி வந்த டிராகன் அட்டைப் புத்தகம் ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தேன். "உள்ள டாக்டரம்மாதான் இருக்காங்க" என்று மகளிடம் உண்மையைச் சொல்லியே கொடுத்தேன்.

"எதுக்கும் படிச்சிப் பாக்கறேன். நடுவுல எங்கயாவது டிராகன் கலந்திருக்கும். நீங்க ஒட்டுனதாச்சே."

என் கைத்திறன்மேல் இவ்வளவு நம்பிக்கை யாரும் வைத்ததில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்துக்குப் பக்கம் டிராகனைத் தேடிக்கொண்டே கடைசிவரை படித்துவிட்டாள்.

"வந்துச்சா?"

"வரல." புத்தகத்தை மூடாமல் யோசித்தாள். "வந்திருந்தாலும் அந்த டாக்டரம்மா பயந்திருக்க மாட்டாங்கப்பா. வாயத் தொற, நாக்க நீட்டுன்னிருப்பாங்க."

ஜூலை 22, செவ்வாய்

பார்சல் மேசை. சாப்பாட்டு நேரத்தில், மகள் முடித்த அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் படித்தேன். வெள்ளம் ஏறுகிறது, படகில் ஓட்டை, டாக்டரம்மா இன்னும் கரை சேரவில்லை — அதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.