கைப்பிடியைச் சுத்துறது யாரு?

ஆமாம்மா, நீ கேட்டது சரி, மறுபடியும் சண்டைதான். உன் தோள்வலி தேவலையா? எனக்கு இங்க ரத்தம் கொதிக்குது.

நேத்து எங்க படகுப் பட்டறைக்கு ஹால்வார்டுன்னு ஒருத்தர் பொண்டாட்டியோட வந்தாரு. அவரோட மோட்டார் படகுக்குப் பின்னால சின்னப் படகைத் தூக்கி வைக்க ஒரு கருவி வேணுமாம். பட்டனை அமுக்குனா தூக்குறதும் இருக்கு, கையால சுத்துறதும் இருக்கு.

"கையால சுத்துறதே போதும். நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்குவேன், சுத்துறது இவ வேலை"ன்னாரு. முதலாளி ஓட்விந்தும் தலையாட்டுனாரு. அந்தம்மா குன்வோர் மணிக்கட்டுல கட்டுப் போட்டிருக்காங்க, அவங்களை ஒருத்தரும் கேக்கல!

"நீங்களே சுத்திப் பாருங்க"ன்னு கைப்பிடியை அவர் கையில திணிச்சேன். பாதியிலயே அவருக்கு மூச்சு வாங்குச்சு.

"காலேஜைப் பாதியில விட்ட பய எனக்குப் பாடம் நடத்துறியா?"ன்னு கத்திட்டுப் போயிட்டாரு. காலேஜ் கதையை முதலாளிதான் சொல்லியிருக்கணும். மன்னிப்புக் கேக்கலைன்னா வேலை கிடையாதுங்கிறாரு முதலாளி. கேக்கவே மாட்டேன். அப்பா படகுல கயிறு இழுத்துத்தானே உன் தோள் போச்சு?

கம்பளிச் சாக்ஸ் அனுப்பும்மா, பழுப்புச் சீஸும். இங்க பெர்கன்லயும் கிடைக்குது, ஆனா தனியா வாங்கித் தின்னா இறங்க மாட்டேங்குது.

அட, குன்வோர் அம்மா பட்டறை வாசல்ல தனியா வந்து நிக்கிறாங்க. "அந்தப் பையனைக் கூப்பிடுங்க, பட்டனை நான் அமுக்கிப் பாக்கணும்"னு முதலாளிகிட்ட சொல்றாங்க. நான் போகணும்மா.