கேட்க முன்னம் திறந்து விட்டது

தோர்ண்டன் ஹீத், லண்டன்
நவம்பர் 2008

அன்பு மகள் சாருஜாவுக்கு,

நானும் அம்மாவும் இஞ்சை நோய்நொடி இல்லாமல் இருக்கிறம், நீயும் ரொறன்ரோக் குளிருக்கை சுகமாய் இருக்கவேணுமெண்டு லூயிஷாம் கோயில் சிவனைத்தான் கும்பிடுறம். அம்மாவின்ரை முழங்கால் நோ இப்ப பரவாயில்லை, சிவகௌரி மாமியின்ரை மகளுக்குக் கலியாணம் சரிவந்திட்டுது. போன் எடுக்காமல் அப்பா ஏன் கடிதம் எழுதி அங்கை வாற ஞானேஸ்வரன் மாமாவிட்டைக் குடுத்து விடுறார் எண்டு யோசிப்பாய், வாசிச்சுப்போட்டு என்னை ஏசு, ஆனால் போனிலை இதைப்பற்றிக் கதைக்காதை.

முந்தநாள் கோட் போட்ட ரெண்டு பேர் வந்து அரசாங்க அட்டையைக் காட்டி, மேல்வீட்டிலை வாடகைக்கு இருக்கிற றெஜினோல்ட் எதிர்ப்பு ஊர்வலங்களுக்குப் போறவரோ எண்டு கேட்டவை. மரியாதையான ஆக்கள். தெரியாது எண்டு சொன்னதோடை நான் விட்டிருக்கலாம், எனக்கோ பழைய பயம் பிடிச்சிட்டுது. ஊரிலை ஆமி சுற்றிவளைக்கேக்கை அவங்கள் கேக்க முன்னமே அலுமாரியையும் பெட்டியையும் திறந்து விட்டால் அடி குறையும், அந்தப் பழக்கம் இத்தினை வருசமாகியும் போகேல்லை. தேத்தண்ணி குடுத்து, எங்கடை வீட்டிலை ஒளிக்க ஒண்டுமில்லை சேர், பாருங்கோ எண்டு கொம்பியூட்டரை நானே போட்டுக் காட்டினன். அவை கேக்கவே இல்லை பிள்ளை. நீ கோடை லீவுக்கு வந்து நிண்டு பாவிச்ச ஈமெயில் அப்பிடியே திறந்துது. பிள்ளையளைக் காணேல்லை, வெளியிலை எடுத்துச் சொல்லு எண்டு வவுனியாவிலையிருந்து உனக்கு எழுதின சனத்தின்ரை பேர், விலாசம், படம் எல்லாம் அதுக்கை. ஒருத்தர் சின்னக் குச்சி ஒண்டைச் செருகி எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு போனார். நான் வாசல்மட்டும் போய் தாங்க்ஸ் சொல்லி அனுப்பினன்.

அம்மா வேலையாலை வந்து, நீதிமன்ற உத்தரவுப் பேப்பர் காட்டினவையோ, நீங்கள் ஏன் கேக்கேல்லை எண்டு கேட்டா. அந்தப் பேருகள் கொழும்பு அரசாங்கத்தின்ரை கைக்குப் போகாது எண்டு நினைக்கிறன், ஆனால் ஆருக்குத் தெரியும். பிள்ளையைத் துலைச்சுப்போட்டு உன்னை நம்பி எழுதின தாய்தேப்பன்மார், அதுகளின்ரை வீட்டுக் கதவை நான் இஞ்சை இருந்து திறந்து விட்டிட்டன். வெக்கமாய்க் கிடக்கு பிள்ளை, கண்ணாடியிலை என்ரை முகத்தைப் பாக்க ஏலாமல் இருக்கு.

கடிதம் கிடைச்ச உடனை பாஸ்வேர்டை மாத்து. அந்தச் சனத்துக்கு எப்பிடியாவது அறிவி, பிழை விட்டது என்ரை அப்பாதான் எண்டு சொல்லியே அறிவி. நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குத் தலையை மூடு, சிவன் உனக்குத் துணையிருப்பார். ஒண்டை மட்டும் மறந்திடாதை, புதுப் பாஸ்வேர்டை எனக்குச் சொல்லாதை. ஆரும் வந்து நிண்டால் நான் திரும்பவும் குடுத்திடுவன்.

உன்ரை அப்பா
ஜீவரத்தினம்