லின்னின் கொப்பியும் வெள்ளி ஐந்து மணியும்

பெப்ரவரி 4, ஞாயிறு

மைனஸ் இருபத்திரண்டு. வெளிப்படி முழுக்க ஐஸ். ஐஸ் கரையப் போட உப்பு இல்லை.

மொன்றியலின் மற்றப் பக்கம், பியர்பொன்ஸிலிருந்து சாந்தி அக்கா தொலைபேசி எடுத்தா. அவவின் புருஷன், இவரின் தமையன் குணம் அத்தான் இந்தக் கிழமையும் வரமாட்டாராம். மாமி இன்னும் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில். பாதை பூட்டு. கொழும்புக்குத் திரும்பப் பிளேனில் சீட் இல்லை. போன் லைனும் இல்லை. யாரோ கொழும்புக்கு வந்தவர் மூலம் சேதி.

"அப்ப வெள்ளிக்கிழமை என்னக்கா செய்யிறது?"

"என்ன வெள்ளி?"

மறந்துபோனா. நான் மறக்கவில்லை. இவரின் சாம்பல். எரித்த இடத்தில் மூன்று மாதம்தான் வைத்திருப்பார்கள். பெப்ரவரி ஒன்பது, பின்னேரம் ஐந்து மணி கடைசி. அதற்குள் வந்து எடுப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் அத்தான் போனவர். தவறினால், ஒருவரும் எடுக்காத மற்றச் சாம்பல்களோடு சேர்த்து ஒரே கிடங்கில் கொட்டி மூடிவிடுவார்கள். பிறகு கேட்டாலும் பிரித்துத் தர ஏலாது.

"சாம்பல் எடுக்கிற பேப்பர் எங்கையக்கா?"

"அவரின்ரை பையோடை போட்டுது. உம்மட பெட்டையைக் கூட்டிக்கொண்டு போம். அவள் பிரெஞ்சு வெட்டி விழுத்துவாள்."

வைஷ்ணவிக்கு ஏழு வயது. தகப்பனைப் பெட்டியில் தா என்று பிள்ளையின் வாயால் கேட்பிக்கவோ.

"எடுத்தாலும் வீட்டுக்குள்ளை வையாதையும். சாம்பல் இருக்கிற வீட்டிலை சாமிக்கு விளக்கு ஏத்தக் கூடாது. பிள்ளை இருக்கிற வீடு."

தன் சாம்பலைக் கரைக்க இவர் கேட்டது ஊரின் கீரிமலைக் கடல். கிடங்கு இல்லை.

வாங்க: உப்பு, பால், வை.க்குக் கையுறை. இடது கை தொலைத்துவிட்டாள்.

பெப்ரவரி 5, திங்கள்

பத்து மணி இடைவேளை. தையல் தொழிற்சாலை வாசலில் பொது போன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவாக அடித்த கல்வெட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அந்த இடத்தின் நம்பர் இருக்கிறது. முதல் பக்கத்தில் இவரின் படம். படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நம்பரை அமத்தினேன்.

பொன்ஜூர் என்றாள் ஒரு பெண். இங்கிலீஷ் என்றேன். உடனே மாறினாள். பெயர் கேட்டாள்.

பதினொரு வருடம் வாயால் சொல்லாத பெயர். இஞ்சாருங்கோ என்பேன், வை. பிறந்த பிறகு வைஷ்ணவியின் அப்பா என்பேன். இன்று முகம் தெரியாத ஒருத்திக்கு நான்கு தரம் சொன்னேன். சிவனேசன். எழுத்து எழுத்தாகவும் சொன்னேன்.

"நோ சிவனேசன், மேடம்."

போனை வைக்காமல் நின்றேன். இன்னும் என்னவோ கேட்டாள், வேகமாக. விளங்கவில்லை. சாரி என்றாள். வைத்துவிட்டாள்.

பின்னேரம் எட்டுப் பொக்கெற்றைத் தலைகீழாகத் தைத்தேன். பிரித்துத் திரும்பத் தைத்தேன்.

எங்கே போனார்?

பெப்ரவரி 6, செவ்வாய்

பனி. பஸ் முப்பது நிமிடம் பிந்தி.

நித்திரை இல்லை. எரித்த அன்று நான் மண்டபம் வரைதான். பெட்டி உள்ளே போக முதல் சா.அக்கா என் தோளைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டா. எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. கடுதாசி எழுதியது, கையெழுத்து வைத்தது எல்லாம் அத்தான். நான் காரில் இருந்தேன். யாரோ தந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு.

அன்று ஏன் இறங்கிப் போகவில்லை. யார் மறித்திருப்பார்கள்.

சாப்பாட்டு நேரம் லின் கேட்டாள், ஏன் அழுகிறாய் என்று. அவள் என் பக்கத்து மெஷின். அவள் கொலர், நான் பொக்கெற். மூன்று வருடம். இருவருக்கும் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் கதைப்போம். மிச்சம் கையால்.

சொன்னேன். ஹஸ்பண்ட், சாம்பல், வெள்ளி, நோ நேம்.

அவள் சோற்றுப் பெட்டியை மூடிவிட்டுக் கொப்பியை எடுத்தாள். சனிக்கிழமை இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறாள். சீன ஆட்களுக்கு மட்டும் ஒரு சீன வாத்தியார். கிழமைக்கு ஒரு வினைச்சொல். இந்தக் கிழமை டேக். இரண்டு பக்கம் நிறைய அவர்களின் எழுத்து, கறையான் புற்று மாதிரி. நடுவில் இங்கிலீஷ்.

"போன் நோ குட்," என்றாள். "யூ கோ. யூ சே, ஐ கம் டு டேக் மை ஹஸ்பண்ட்."

கொப்பியில் இருந்ததை அவள் சொன்னபடி இங்கே எழுதி வைக்கிறேன்.

டேக், கையால் எடுக்கிறது
டேக், பஸ்ஸில் போகிறது
டேக், மருந்து குடிக்கிறது. குடிக்கிறதுக்கு வேறு சொல் இருக்கும்போது ஏன்?
டேக், படம் பிடிக்கிறது
டேக், கதிரையில் இருக்கச் சொல்கிறது
டேக், நேரம் செல்கிறது
டேக், பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போகிறது
டேக், களவெடுக்கிறது
இன்னும் ஒன்பது.

சீனத்தில் இத்தனைக்கும் வேறு வேறு சொல்லாம். எங்களுக்கும்தான் என்றேன். ஆளைக் கூட்டிக்கொண்டு போவோம், சாமானை எடுத்துக்கொண்டு போவோம். இவரை எதில் சேர்க்க.

லின் கொப்பியை மூடினாள். டேக் எங்களைப் போல என்றாள். ஒரு சம்பளம், பதினேழு வேலை. சூப்பர்வைசருக்குப் பிடித்த சொல்.

பெப்ரவரி 7, புதன்

வை.க்குத் தடிமன், மூக்கடைப்பு. பள்ளிக்கூடம் அனுப்பினேன், வேறு வழியில்லை.

திரும்பப் போன். போகும் முன் ஒருக்கால் கேட்டுப் பார்ப்போம் என்று. லின்னும் பக்கத்தில். அவளே வாங்கிக் கதைத்தாள். நல்ல சத்தமாக. சிவனேசன், சிவனேசன் என்று அவள் சொல்ல, வேறு யாரோ ஒரு சீனாக்காரனைத் தேடுவது மாதிரி இருந்தது. இல்லையாம். நவம்பர் முழுக்கப் பார்த்தார்களாம். அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை.

"மே பி அனதர் பிளேஸ்?" என்று லின் கேட்டாள்.

வேறு இடம் இல்லை. கட்டடம் தெரியும். காரில் இருந்து இரண்டு மணித்தியாலம் பார்த்த கட்டடம். பச்சைக் கதவு.

அப்படியென்றால் ஏற்கெனவே கொட்டிவிட்டார்கள்.

லின் என்னை விடவில்லை. பின்னேர இடைவேளையில் ஒத்திகை. அவள் பெரிய கத்தரிக்கோலைக் காதில் வைத்துக்கொண்டு மேசைக்காரி மாதிரி முகத்தை நீட்டினாள். நான் கேட்க வேண்டும்.

"ஐ கம் டு டேக் மை ஹஸ்பண்ட்."

"நோ ஹஸ்பண்ட், மேடம். ஃபினிஷ். டேக் அனதர் ஒன்."

சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாதத்தில் முதல் தரம். சிரித்துக்கொண்டே பாத்ரூமுக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு வாயில் சேலைத் துண்டு மாதிரி ஜக்கெற்றின் கையை அடைத்தேன். வெளியே வர லின் கதவடியில் நின்றாள். சாரி என்றாள். பரவாயில்லை என்றேன். நல்ல பகிடிதான்.

இரவுச் சமையல் இல்லை. பாண், பருப்பு மிச்சம்.

"அம்மா, அப்பா இப்ப எங்கை?" என்று வை. கேட்டாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

சாமியிட்டை என்றேன்.

பெப்ரவரி 8, வியாழன்

குளிர் கொஞ்சம் குறைவு. உப்பு வாங்கினேன்.

காலை வேலையில் ஊசி விரலில் ஏறியது, சின்னக் காயம். சா.அக்காவுக்குத் தொ.பே.

"இல்லையெண்டு சொல்லுறாங்களக்கா."

"விடுமன். உயிர் போட்டுது, இனிச் சாம்பலிலை என்ன இருக்கு. வசந்தத்திலை அவர் வந்து விசாரிப்பார்."

"வசந்தத்திலை கிடங்கையோ விசாரிக்கிறது?"

வைத்துவிட்டேன். மரியாதை இல்லைத்தான். பெரியவ. ஆனால் அவவின் புருஷன் யாழ்ப்பாணத்தில் என்றாலும் ஒரு நாள் வருவார்.

சாப்பாட்டு நேரம். லின் தன் மருந்துக்கடைப் பையை மேசையில் வைத்திருந்தாள். ஒட்டியிருந்த பெயர்த் துண்டைக் காட்டி முறைப்பாடு. லின் என்பது அவளின் குடும்பப் பெயராம். தகப்பனின் பெயர். இவ்வளவு நாளும் அதைத்தான் அவளின் பெயர் என்று நினைத்துக் கூப்பிட்டிருக்கிறேன். சொந்தப் பெயர் மெய். அவர்கள் ஊரில் குடும்பப் பெயர் முன்னுக்கு, சொந்தப் பெயர் பின்னுக்கு. கனடாக்காரர் திருப்பிப் போடுவார்களாம். கிளினிக்கில் இரண்டு தரம் அவளின் பிள்ளையின் ஃபைல் காணாமல் போய், ஊசி போட்ட பிள்ளைக்குத் திரும்பவும் ஊசி போடப் பார்த்தார்களாம். இப்போது எங்கே போனாலும் இரண்டு பெயரையும் சொல்வாளாம்.

எங்களுக்கும் தகப்பன் முன்னுக்கு. வைத்திலிங்கம் சிவனேசன். வைத்திலிங்கம் மாமா. நான் கலியாணம் கட்ட முதலே செத்துப்போனவர். இங்கே வந்த அன்று இமிகிரேசனில் இவரைத் திருப்பிப் போட்டார்கள். கரன்ட் பில்லில்கூட மிஸ்டர் வைத்திலிங்கம் என்றுதான் வரும். ஊரில் செத்த மனிசனுக்கு மொன்றியலில் கரன்ட் பில் என்று இவர் சிரிப்பார். மூன்று மாதமாக அந்தப் பில்லை நான்தான் கட்டுகிறேன். எனக்கு ஏன் இது ஞாபகம் வரவில்லை. இவருக்குப் பெயர் ஒன்றுதான் என்று இருந்துவிட்டேன். அதையும் சொல்லப் பழகாமல்.

போனடிக்கு ஓடினேன். மணி அடிக்குது, அடிக்குது. ஒருவரும் எடுக்கவில்லை. இடைவேளை முடிந்தது. வேலை முடிந்து எடுத்தேன். மெஷின் கதைத்தது, பிரெஞ்சில்.

நாளைக்கு அரைநாள் லீவு கேட்டேன். வெள்ளி சரக்கு அனுப்பும் நாள், தரமாட்டேன் என்றான் சூப்பர்வைசர். லின் எழும்பி வந்து, அவளின் பொக்கெற் நான் தைப்பேன் என்றாள்.

"கொலர் ஆர் தைக்கிறது?"

"மீ."

பெப்ரவரி 9, வெள்ளி

மைனஸ் இருபத்தாறு. வெயில். கண் கூசும்.

கொண்டுபோனது: கலியாணப் பதிவு எழுத்து, அதன் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, கல்வெட்டு, என் மெடிக்கல் கார்ட், இவரின் பழைய கார்ட், கரன்ட் பில். எல்லாம் போட்டு வைத்திருக்கிற பிஸ்கட் டின்னோடு.

இரண்டு பஸ். இரண்டாவதில் பிழையான பக்கம் ஏறி, இறங்கி, எதிர்ப்பக்கம் இருபது நிமிடம் நின்றேன். கால் விரல் செத்துப்போனது. பச்சைக் கதவு. இந்தத் தரம் உள்ளே போனேன்.

மூன்று மணி பத்து. மேசையில் ஒரு வயதான மனிசி. போனில் கதைத்தவள் இல்லை. படித்து வைத்தது எல்லாம் மறந்துபோனது. வாய் தானாகச் சொன்னது.

"வைத்திலிங்கம்."

எழுதிக் காட்டச் சொன்னா. கரன்ட் பில்லைக் காட்டினேன். உள்ளே போனா. வரவில்லை. சுவரில் மணிக்கூடு. மூன்று இருபத்தைந்து. ஒரு ஆள் வந்து பூச்சாடியை மாற்றி வைத்துவிட்டுப் போனான்.

வந்தா. கையில் பெட்டி.

என் கார்டைப் பார்த்தா. அதில் என் அப்பாவின் பெயர். இந்த மாகாணத்தில் பெண்சாதிக்குப் புருஷனின் பெயர் இல்லை. என்ன உறவு என்று கேட்டா. கலியாண எழுத்தை விரித்தேன். விரலால் ஒவ்வொரு வரியாகப் பார்த்தா.

பிறகுதான் லின் சொல்லித் தந்த வசனம் வந்தது. தேவையில்லாத நேரத்தில். இருந்தாலும் சொன்னேன்.

"ஐ கம் டு டேக் மை ஹஸ்பண்ட்."

அந்த மனிசி பேனையைக் கீழே வைத்தா. கதிரையைக் காட்டினா. "டேக் யுவர் டைம், மேடம்," என்றா.

லின்னின் கொப்பியில் இருக்கிறது இதுவும்.

தமிழில் கையெழுத்து வைத்தேன். பெட்டி நினைத்ததைவிடப் பாரம். என் கலியாணத்துக்கு முதல் கிழமை பிறந்த தமக்கையின் பிள்ளையைத் தூக்கின மாதிரிப் பாரம். மேலே துண்டு ஒட்டியிருக்கிறது, வைத்திலிங்கம் எஸ். இவருக்கு ஒரு எழுத்து.

பஸ்ஸில் மடியில். பக்கத்தில் இருந்தவன் இன்னும் நெருக்கி இருந்தான். தள்ளி இருக்கச் சொல்ல எனக்குச் சொல் தெரியவில்லை.

வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. அக்கா சொன்னது போல். பின் பல்கனியில், பனி உப்பு வைக்கும் தட்டில், பொலித்தீன் சுற்றி வைத்தேன். குளித்தேன். விளக்கு ஏற்றினேன். வை.யைப் பக்கத்து வீட்டிலிருந்து கூட்டி வந்தேன்.

லின்னுக்குத் தொ.பே. "டேக்?" என்று மட்டும் கேட்டாள்.

ஓம் என்றேன். அவளுக்கு ஓம் தெரியும்.

பெப்ரவரி 10, சனி

மைனஸ் இருபத்தெட்டு. யன்னல் உள்பக்கமும் ஐஸ்.

காலை வை. பல்கனிக் கதவுக் கண்ணாடியில் மூக்கை வைத்து நின்றாள். எழுத்துக் கூட்டி வாசித்தாள். இப்போது எல்லாவற்றையும் வாசிக்கிறாள், பால் பெட்டி, சோப் பெட்டி.

"வை-தி-லிங்-கம். இது ஆர் அம்மா?"

அப்பப்பா, உன் அப்பாவின் அப்பா என்று சொல்லலாம். பொய்யும் இல்லை. அரிசி களைந்துகொண்டு நின்றேன். தண்ணி தெளியும் மட்டும் களைந்தேன்.

"அப்பா," என்றேன்.

வை. திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் அவளின் மூச்சு வட்டமாகப் படிந்தது. கையால் துடைத்தாள்.

"ஏன் வெளியிலை விட்டிருக்கிறீங்கள்? அப்பாக்குக் குளிர் ஏலாதெல்லோ."

ஏலாது. செப்டெம்பரிலேயே தொப்பி போடுகிற மனிசன்.

சாமித் தட்டுக்குப் போய் விளக்கைப் பூவால் அணைத்தேன். பல்கனிக் கதவு உறைந்து இறுகிவிட்டது. வை. ஒரு கையுறையோடு வந்து என்னோடு சேர்ந்து இழுத்தாள். பெட்டி உள்ளே. இவரின் கதிரையில்.