குழந்தை மனசுக்கு இங்கிலீஷில் என்ன?

அலமாரியைத் துடைத்தபோது உன் இங்கிலீஷ் அகராதி கையில் அகப்பட்டது. பிரித்ததும் சாம்பார்ப்பொடி வாசனை. அடுப்பில் ஒரு கண்ணும் அதில் ஒரு கண்ணுமாக நீ படித்த புத்தகமல்லவா!

அதை நீ வாங்கக் காரணமான நாளை நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

டெல்லியில் தன்னோடு வேலை பார்க்கும் பெண்ணைக் கட்டிக்கொள்ள நம் பையன் ஆசைப்பட்டான். பெண்ணும் அவள் அப்பாவும் வந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, நமக்கு இந்தி தெரியாது. "நானே இங்கிலீஷ்ல பேசிக்கிறேன். நீங்க குறுக்க வராதீங்க" என்று எனக்கு உத்தரவு போட்டாய்.

காலையில் பிச்சாவரத்தில் படகு, பிறகு சிதம்பரத்தில் தரிசனம், சாயங்காலம் கடலூரில் நம் வீட்டில் இட்லியும் கொத்சுவும். படகிலிருந்து நண்டைப் பார்த்த இடமெல்லாம் அந்தப் பெண் கைதட்டிக் கூவியதில் நீ சொக்கிப்போயிருந்தாய். பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று அவள் அப்பா இங்கிலீஷில் கேட்டார்.

"யுவர் டாட்டர் வெரி வெரி சைல்டிஷ்!" என்றாய்.

குழந்தை மனசு என்று சொல்ல நினைத்தாய்; வாயில் வந்ததோ சிறுபிள்ளைத்தனம். இட்லியைப் பிட்ட அவர் கை தட்டிலேயே நின்றது. நான் காப்பாற்றுவதாக நினைத்து, "ஷி மீன்ஸ் இம்மெச்சூர்" என்றேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பையன் முகத்தில் ரத்தமே இல்லை. சம்பந்தம் போயிற்று என்றே நினைத்தேன்.

நீ எதையும் கவனிக்கவில்லை. பெண்ணின் மோவாயில் வழிந்த கொத்சுவை முந்தானையால் துடைத்து, "பாருங்க சார், சைல்டிஷ்!" என்று பெருமையாக அவரிடம் காட்டினாய். முதலில் சிரித்தவள் அவள்தான். "நோ ஆன்ட்டி, சைல்ட்லைக்!" என்று உன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் நாற்காலியை முன்னே இழுத்து இன்னொரு இட்லி கேட்டார்.

அவர்கள் போனதும் என்னிடம் சண்டை. "என்னாங்க, ரெண்டுலயும் அதே சைல்டுதானே கெடக்கு? வால் மாறினா அர்த்தம் மாறிடுமா?"

மறுநாளே அகராதி வந்தது. பிறகு எனக்குத்தான் பாடம். "ஸீன்னா கண்ணுல படுறது. வாட்ச்னா விடாம பாக்குறது. பால வாட்ச் பண்ணச் சொன்னா நீங்க ஸீ பண்ணிக்கிட்டு நிக்கிறீங்க. பாருங்க, பொங்கி ஊத்திடுச்சி."

நீ போனபின்பும் உன்னிடம் கற்ற தமிழில்தான் மருமகள் என்னோடு பேசுகிறாள். நேற்று போனில், "மாமா, தனியா இருக்கீங்களா, தனிமையா இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"தனியாதாம்மா. தனிமையெல்லாம் ஒண்ணும் இல்ல."

"பொய்னு சொல்ல மாட்டேன் மாமா. சமாளிக்கிறீங்க. சனிக்கிழமை நாங்க ரெண்டு பேரும் வர்றோம். ஒழுங்கா சாப்பிடுங்க."

அப்படியே உன் அதட்டல். அவள் போனை வைத்தபின்பும் வெகுநேரம் என் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.