டைரக்டர் சகுந்தலா

லேக் கார்டன்ஸ், கொல்கத்தா
27 அக்டோபர் 2004

அன்புள்ள மதுவுக்கு,

இங்கே அனைவரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நீதான் எழுத வேண்டும், எழுத மாட்டாய். துர்கா பூஜோ முடிந்தும் காதில் இன்னும் மேளச் சத்தம் நிற்கவில்லை.

வீட்டுக்குத் தேக்கு மேஜை வந்திருக்கிறது. உன் அத்திம்பேருக்கு வெளிநாட்டு மரம் அனுப்புகிறாரே ஒரு ராணுவ ஜெனரல், அவருடைய மருமகன் கொடுத்தது. மரியாதையான பையன், என் ரசத்தை இரண்டு தடவை வாங்கிக் குடித்தான். இன்னொன்று, சிரிக்காதே. அந்த மரத்துக்காகத் தொடங்கிய கம்பெனிக்கு நான் டைரக்டர். இவர் காட்டுகிற இடத்தில் கரண்டியை வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

உனக்கு லண்டனில் என்ன உத்தியோகம் என்று பக்கத்து வீட்டு வங்காளி மாமி, மாஷிமா, கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உன் அக்கா,
சகுந்தலா

லண்டன்
15 நவம்பர் 2004

அன்புள்ள அக்கா,

மாஷிமாவிடம் இப்படிச் சொல். ஜனங்களை வதைக்கிற அதிகாரிகளுக்காக ஒரு நாட்டையே தண்டித்தால் ஏழைகள்தான் பட்டினி கிடக்கிறார்கள். அதனால் இங்கே அரசாங்கத்தில் நாங்கள் குற்றம் செய்தவர்களின் சொத்தை மட்டும் முடக்கி, பயணத்தைத் தடுக்கிறோம். போன முறை முன்கூட்டியே அறிவித்ததில் பணமெல்லாம் நழுவிவிட்டது. விதிகளைத் திருத்தி எழுதுவது என் வேலை.

உன் கம்பெனிக்கு என்ன பெயர் வைத்தார்கள்?

உன் தங்கை,
மது

கொல்கத்தா
3 டிசம்பர் 2004

அன்புள்ள மதுவுக்கு,

ராஜலக்ஷ்மி டிம்பர்ஸ். அம்மா பெயரை வைக்கச் சொன்னதே நான்தான். நீ அக்கறையாகக் கேட்டதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

உன் அக்கா,
சகுந்தலா

கொல்கத்தா
20 ஜனவரி 2005

மது,

அங்கே சொத்தை முடக்க வேண்டியவர்களின் புதுப் பட்டியல் வரப்போகிறதாம், பினாமிகளையும் சேர்க்கிறார்களாம். இவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. என் பெயர் அதில் இருக்கிறதா? ஒரு வார்த்தை எழுதினால் போதும், ராஜினாமா செய்துவிடுகிறேன். பயமாக இருக்கிறது.

அக்கா

லண்டன்
2 பிப்ரவரி 2005

அன்புள்ள அக்கா,

இங்கே பனி கொட்டுகிறது. நீ கேட்டதற்கு என்னால் எதுவும் எழுத முடியாது. யார் கேட்டாலும் முடியாது. உன் ரசம் ஞாபகம் வருகிறது.

மது

கொல்கத்தா
11 மார்ச் 2005

மதுவுக்கு,

பட்டியல் வந்துவிட்டது. ஜெனரல், மருமகன், அடுத்தது நான். வெளிநாட்டு பாங்க் கணக்கை முடக்கிவிட்டார்கள்.

கூடவே வந்த அறிக்கையையும் படித்தேன். கிராமத்து ஜனங்களைக் காலில் சங்கிலி மாட்டி மரம் இழுக்க வைத்திருக்கிறார்கள். ஓடினவர்களைச் சுட்டிருக்கிறார்கள். அந்த மேஜையில் என்னால் சோறு போட முடியவில்லை, தரையில் சாப்பிடுகிறோம்.

பெயர் வந்தவர்கள் தங்கள் பக்கத்தைச் சொல்லலாம் என்று உங்கள் நோட்டீஸில் இருக்கிறது. "ஒண்ணும் தெரியாதுன்னு மட்டும் எழுது, போதும்" என்றார் இவர். நான் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்: எந்தக் கப்பல், யாருக்குப் பணம், இன்னும் எந்தெந்தக் கம்பெனிக்கு யார் யார் மனைவி டைரக்டர். உன் அலுவலகத்துக்கு நேரே அனுப்பியிருக்கிறேன். இவர் என்னோடு பேசுவதில்லை.

உன் விதி சரியானதுதான். முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் ஒருத்தி தப்பித்திருப்பேன், மருமகனும் பணத்தோடு தப்பித்திருப்பான். அதில் உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

கம்பெனிக்கு என்ன பெயர் என்று தங்கை மாதிரிக் கேட்டாயே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. இனிமேல் எனக்கு எழுதாதே.

இப்படிக்கு,
சகுந்தலா வெங்கடநாராயணன்