சேற்றுத்திட்டில் நின்ற ஆள்

உனக்கு எழுத உட்கார்ந்ததும், வழக்கம்போல முதலில் குறிப்பு போட்டுக்கொண்டேன். நீ சிரிப்பாய்.

1. இன்று காலை வந்த உன் நோட்டு.
2. மலேசியக் காட்டில் அந்தப் பலகைக் குடில்.
3. அங்கே நான் எந்த ஆளையும் பார்க்கவில்லை என்பது.

நோட்டை உன் மகள் கொண்டுவந்தாள். "அப்பா இத உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாரு மாமா. எடுத்துக்கினு வரணும்னு ஒரு மாசமா நெனச்சிக்கினே இருந்தேன்" என்றாள். பிளாஸ்டிக் பையைப் பிரித்ததுமே புகையிலை நெடி. காட்டில் அட்டைப்பூச்சி ஏறாமலிருக்க நம் காலுறைகளைப் புகையிலைத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தோடு நோட்டுக்குப் பக்கத்தில் திணித்தாயே, அதே நெடி. அவள் போனதும் எழுந்து கதவைத் தாழிட்டேன். பட்டப்பகலில் எதற்கு என்று தெரியவில்லை.

மூடிப்போன மில்லில் தறி ஓட்டியவன் நீ. பள்ளிக்கூட அலுவலகத்தில் கோப்பு கட்டியவன் நான். ஞாயிறுதோறும் ஊசுட்டேரிக் கரையில் பறவை பார்த்துக்கொண்டிருந்த நாம், ஒரு பெருங்காட்டையாவது பார்த்துவிட்டுச் சாக வேண்டும் என்று கிளம்பினோம். பையில் அவலும் வெல்லமும். இருப்பதிலேயே மலிவான விமானம், அப்புறம் பேருந்து, அப்புறம் படகு. வழிகாட்டி வைத்துக்கொள்ளக் கையில் காசில்லை. ஆகவே நம்மைத் தவிர மூன்றாவது கண் அங்கே இல்லை.

ஏரிக்கரையில் நான் போட்ட விதியைக் காட்டுக்கும் கொண்டுபோயிருந்தேன். பார்க்கும்போது பேசக் கூடாது. அவரவர் நோட்டில் எழுத வேண்டும். சாயங்காலம் ஒப்பிட்டு, இரண்டிலும் இருப்பது மட்டுமே பட்டியலில் சேரும். ஒருவர் மட்டும் எழுதியதை நான் சிவப்பு மையால் அடிப்பேன். "முசேவோட கோர்ட்டுல சாட்சி ரெண்டு வேணும்" என்பாய். பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததற்காக எனக்கு நீ வைத்த பெயர் அது.

குடில் மரக்கால்களின் மேல் நின்றது. எதிரே, விலங்குகள் உப்பு மண்ணை நக்க வரும் சேற்றுத்திட்டு. பிற்பகல் மூன்று மணி இருக்கும். இருவாச்சி இனத்தில் ஒன்று எங்கோ ஒற்றை ஒற்றையாகக் கூவத் தொடங்கி, வேகம் கூடி, கடைசியில் மனிதர் சிரிப்பதுபோலவே சிரித்து ஓய்ந்தது. "உன் மாமியார் இங்கயும் வந்துட்டாங்க முசே" என்று விதியை மீறிக் கிசுகிசுத்தாய். அதன்பின் சில்வண்டுகள்கூட நின்றுவிட்டன. கேளையாடு ஒன்று திட்டுக்கு இறங்கியது. நாம் எச்சில் விழுங்கினாலே ஓடிவிடும் மான் அது. வெகுநேரம் நின்று மண்ணை நக்கியது.

சாயங்காலம் நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். உன் நோட்டில், கேளையாட்டுக்குக் கீழே, "ஒரு ஆள்" என்று இருந்தது.

"பாத்த இல்ல, முசே?"

"எத?"

"மானுக்குப் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தானே. முதுகு காட்டிக்கினு."

"மான்தான் பாத்தேன்."

"வெளாடாத."

"யாரும் இல்லடா அங்க."

நீ என் முகத்தையே பார்த்தாய். பிறகு மெதுவாக, "எங்கண்ணனுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுது" என்றாய். உன் அண்ணன் கடைசிக் காலத்தில் மூடிய மில்லின் வாசலில் ஷிப்டுக்குப் போய் நின்றதும், உள்ளே ஆட்கள் நடமாடுகிறார்கள் என்று சொன்னதும், நீ கைபிடித்து அழைத்துவந்ததும் எனக்குத் தெரியும். தெரிந்தும் சிவப்பு மையை எடுத்து அந்த இரண்டு சொற்களை அடித்தேன்.

ஊர் திரும்பியபின் நீ ஏரிக்கு வரவில்லை. பைனாகுலரை என்னிடமே கொடுத்துவிட்டாய். டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து, நினைவு தெளிவாக இருக்கிறது என்றார். நீ நம்பவில்லை. "டாக்டரா அங்க இருந்தாரு? நீதான இருந்த" என்றாய். வாசல் கேட்டைப் பூட்டிச் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு, உன் கண்ணையே சந்தேகப்பட்டுக்கொண்டு ஒரு வருஷம், போன மாதம் சாகும்வரை, உள்ளே உட்கார்ந்திருந்தாய். வாரம் ஒருமுறை வந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்றுதான் கேட்டைத் தாண்டுவேன். டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

மூன்றாவது குறிப்பு தவறு. நான் பார்த்தேன். மான் பயப்படாத ஒரு ஆளை என்னவென்று எழுதுவது? எழுதினால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன். அவன் கால் முழங்கால்வரை சேற்றில் இருந்தது; சுற்றிலும் சேறு கலங்கவே இல்லை. நீ அவன் முதுகை மட்டும்தான் பார்த்தாய். அந்த இரண்டு சொற்களை எழுத நீ குனிந்தபோது, அவன் திரும்பி நம் குடிலைப் பார்த்தான். அந்த முகத்தை இன்னும் நான் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.